களியும் கொத்சும்: அடுப்பங்கரையின் பாடபேதங்கள்

1

கவிதையும் விமர்சனமும் படிக்க வருகிறவர்கள் முன்னால் கத்திரிக்காயைக் கொண்டுவந்து வைப்பதற்கு ஏதாவது சமாதானம் சொல்லியாக வேண்டும். என் சமாதானம் எளியது. நம் விமர்சனத்தில் 'மரபு' என்ற சொல் பட்டபாடு கொஞ்சமல்ல. மரபை ஏற்பவர்களும் மீறுபவர்களும் அது எங்கோ முழுமையாக, மாறாமல் உட்கார்ந்திருப்பதாகவே எண்ணிக்கொண்டு பேசுகிறார்கள். மரபு எப்படி உண்டாகிறது, எப்படி மாறுகிறது, மாறியபின் தான் மாறவே இல்லை என்று எப்படிச் சாதிக்கிறது என்பதைத் தினம் இரண்டு வேளை நம் கண்முன் நடத்திக் காட்டுகிற இடம் அடுப்பங்கரை. அங்கே ஆசிரியர் பெயர் கிடையாது. ஆனால் பிரதி உண்டு, பாடபேதம் உண்டு, இடைச்செருகல் உண்டு. இல்லாதவர் பதிப்பாசிரியர் ஒருவர்தான்.

நான் வேலை பார்க்கும் ஊர் காட்டுமன்னார்கோயில். பழைய பெயர் வீரநாராயணபுரம். முதலாம் பராந்தகனின் (907–955) பட்டப்பெயர்களில் ஒன்று வீரநாராயணன். ஊருக்கும் ஏரிக்கும் பெயர் அதிலிருந்து வந்தது. ஏரியின் பெயர் தேய்ந்து வீராணம் ஆயிற்று. 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்கு இந்த ஏரியைத் தெரியும். நாவல் ஆடிப்பெருக்கன்று இந்தக் கரையில்தான் தொடங்குகிறது. அந்தக் காட்சியிலும் ஜனங்கள் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இந்த ஊரின் உண்மையான இலக்கிய நாயகர் வேறொருவர், நாதமுனிகள். யாத்திரை வந்தவர்கள் நம்மாழ்வாரின் பத்துப் பாசுரங்களைப் பாடக் கேட்டார். அவை ஓர் ஆயிரத்தில் பத்து என்று அந்தப் பாசுரங்களே சொல்லின. மீதி எங்கே என்று கேட்டுக் குருகூர்வரை போய் நாலாயிரத்தையும் மீட்டுக்கொண்டு வந்தார் என்பது வைஷ்ணவ சம்பிரதாயம் சொல்லும் வரலாறு. அதில் எனக்குப் பிடித்தது அந்தக் கேள்வி. கையில் இருக்கும் பத்து முழுமையல்ல, மீதி எங்கே என்று கேட்கத் தோன்றியது. நம் சமையல் வரலாற்றில் கையில் இருப்பது ஆயிரத்தில் பத்துதான். மீதி எங்கே என்று கேட்டவர்கள் குறைவு.

2

முதலில் கையில் இருக்கும் பத்திலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்வோம். இங்கிருந்து பஸ் ஏறினால் சிதம்பரம். நடராஜர் கோயில் பிரசாதமாகப் பெயர்பெற்றது சம்பா சாதமும் கத்திரிக்காய் கொத்சும். சம்பா சாதம் என்றால் சோறு, நெய், பொடித்த மிளகு, சீரகம். வேறு பெரிதாக ஒன்றுமில்லை. கொத்சுக்குக் கத்திரிக்காயைச் சுட்டோ வேகவைத்தோ மசித்து, புளி கரைத்து, கொத்தமல்லி விதையும் காய்ந்த மிளகாயும் வறுத்துப் பொடித்துப் போட்டு, நல்லெண்ணெயில் தாளித்துக் கொதிக்கவிட வேண்டும். இரண்டும் ஒரே இலையில் பக்கத்தில் பக்கத்தில் விழுகின்றன. பழைய பிரசாதம், பழைய ருசி என்று சொல்லிக்கொண்டு சாப்பிடுகிறோம்.

இலையைப் பிரதியாகப் படித்தால் வேறொன்று தெரியும். சம்பா சாதத்தின் காரம் மிளகு. கொத்சின் காரம், ஊர் வீடுகளில் இன்று செய்கிறபடி, மிளகாய். மிளகு இந்த மண்ணின் பழைய காரம். சங்க நூல்களில் 'கறி' என்றாலே மிளகுதான். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். போர்த்துகீசியர் கப்பல்கள் வந்த 16ஆம் நூற்றாண்டுக்கு முன் தமிழ்நாட்டில் எவரும் அதைத் தின்றிருக்க முடியாது. புதிதாக வந்த காரத்துக்கு நம் ஜனங்கள் வைத்த பெயரிலேயே அதன் சரித்திரம் இருக்கிறது: மிளகைப் போன்ற காய், மிளகு-காய். தெரியாததைத் தெரிந்ததன் பெயரால் அழைத்தார்கள். உவமை நைந்து பெயராகிவிட்டது; இப்போது அது உவமை என்பதே யாருக்கும் நினைவில்லை.

ஆக அந்த இலையில் இருப்பவை இரண்டு பதார்த்தங்கள் மட்டுமல்ல, இரண்டு யுகங்கள். 'கொத்சு' என்ற சொல்லைக் கேட்டாலே அது தமிழ் வாய்க்குள் பிறந்ததல்ல என்று தெரிகிறது. கன்னடத்துக் 'கொஜ்ஜு'வின் உறவு அது. விஜயநகர ஆட்சியும் நாயக்கர் ஆட்சியும் இந்தப் பக்கம் பரவிய காலத்தை நினைத்துக்கொள்ளலாம். சிதம்பரத்து வடக்குக் கோபுரத்தோடு கிருஷ்ணதேவராயர் பெயர் சேர்ந்திருப்பதும் தெரிந்ததே. பெருங்காயம் ஆப்கானிஸ்தானத்துச் சரக்கு. கொத்தமல்லி மத்தியதரைக் கடல் பக்கத்தது. கத்திரிக்காயையும் எள்ளையும் வேண்டுமானால் நம்முடையவை என்று சொந்தம் கொண்டாடலாம். சில வீடுகளில் கொத்சில் தக்காளி போடுகிறார்கள். சின்ன வெங்காயம் போடுகிறார்கள். இட்லிக்கு என்றால் பாசிப்பருப்பும் சேருகிறது. 'இது அசல் கொத்சு இல்லை' என்று தக்காளி போடாதவர்கள் சொல்வார்கள். தக்காளியும் மிளகாயும் ஒரே கண்டத்திலிருந்து வந்தவை. ஒன்று அசலுக்குள்ளே போய்விட்டது, மற்றது வாசலில் நிற்கிறது. வித்தியாசம் காலம்தான், இனம் இல்லை.

இந்த மாவட்டத்துப் பேச்சில் இப்படிப்பட்ட சொற்கள் நிறையக் கிடக்கின்றன. வேர்க்கடலைக்குத் தென்னாற்காட்டு ஜனங்கள் சொல்லும் பெயர் மல்லாட்டை. மணிலாக்கொட்டை என்பது தேய்ந்து அப்படி ஆயிற்று. தென் அமெரிக்காவில் தோன்றி, மணிலாவின் பெயரைச் சுமந்துகொண்டு இங்கே வந்து, 19ஆம் நூற்றாண்டில் தென்னாற்காட்டின் பணப்பயிராகி, புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சின் மார்செய் நகரத்துக்கு எண்ணெய்க்காகக் கப்பலேறிய கொட்டை அது. இங்கே தங்கியது துவையலாயிற்று. செக்கில் ஆட்டியது நல்லெண்ணெயின் இடத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டது. வெள்ளாற்று முகத்துவாரத்தில் இருக்கும் ஊர் பரங்கிப்பேட்டை. சந்தையில் கீற்றுப் போட்டு விற்கும் காய் பரங்கிக்காய். ஊருக்கும் காய்க்கும் ஒரே அந்நியனின் பெயர். ஆனால் காய்கறிக்காரரிடம் கேட்டால் பரங்கிக்காயை நாட்டுக்காய் வரிசையில்தான் வைப்பார். அவர் சொல்வது தப்பில்லை. நானூறு வருஷம் ஒரு காய் நாட்டில் இருந்தால் அது நாட்டுக்காய்தான். எப்படி அப்படி ஆயிற்று, அதைச் செய்தது யார் என்பதுதான் கேள்வி.

கப்பலில் கொண்டுவந்தது போர்த்துகீசியன் என்று சரித்திரப் புத்தகம் சொல்லும். கொண்டுவந்ததை அம்மியில் வைத்து, மிளகுக்குப் பதிலாக எத்தனை போடலாம், வறுப்பதா பச்சையாக அரைப்பதா, புளியோடு சேருமா மோரோடு சேருமா என்று பார்த்து முடிவு செய்தவளின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவள் ஒருத்தி அல்ல, பல தலைமுறை. நம் ருசியைத் தீர்மானித்த விமர்சகர்கள் அவர்கள்தான்.

3

ஒரு பதார்த்தம் எப்படி மரபாகிறது என்பதற்குச் சிதம்பரத்திலேயே ஒரு கதை இருக்கிறது. மார்கழித் திருவாதிரைக்குக் களி. சேந்தனார் கதை பலருக்குத் தெரிந்ததுதான் என்றாலும் அதைச் சமையல் வரலாறாக வாசித்ததில்லை.

சேந்தனார் பட்டினத்தாரின் கணக்குப்பிள்ளை என்பது மரபு. (கணக்கெழுதிப் பிழைப்பவன் என்ற முறையில் எனக்கு அவரிடம் ஓர் ஒட்டுதல் உண்டு.) பின்னால் தில்லைக்கு வந்து விறகு விற்றுப் பிழைத்தார். தினமும் ஓர் அடியாருக்குச் சோறு போட்டுவிட்டுத்தான் சாப்பிடுவார். ஒருநாள் அடைமழை; விறகு நனைந்துவிட்டது, விற்கவில்லை. வீட்டில் அரிசி இல்லை. இருந்த மாவைக் கிளறிக் களியாக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார். அடியார் வடிவில் வந்தவர் சாப்பிட்டுவிட்டுப் போனார். மறுநாள் காலையில் கருவறையில் களி சிந்திக் கிடந்தது.

கதையிலேயே பாடபேதம் உண்டு. சிலர் அரிசிமாவு என்பார்கள், சிலர் கேழ்வரகு மாவு என்பார்கள். எந்தப் பாடத்தை எடுத்தாலும் விஷயம் ஒன்று: களி ஒரு மாற்று. சோற்றுக்கு வழியில்லாத அன்று சோற்றின் இடத்தில் வைக்கப்பட்ட பண்டம் அது. திட்டமிட்டுச் செய்த நைவேத்தியமல்ல, மழையால் வந்த திருத்தம்.

இன்று திருவாதிரைக்கு வீடுகளில் செய்யும் களியைப் பாருங்கள். வறுத்து உடைத்த பச்சரிசி, பாசிப்பருப்பு, வெல்லம், தேங்காய்த் துருவல், ஏலக்காய், நெய், நெய்யில் பொன்னிறமாக வறுத்த முந்திரி. முந்திரியும் போர்த்துகீசியர் காலத்துப் பயிர்தான். இப்போது பண்ருட்டிக் காடுகள் முழுக்க அதுதான். கூடவே ஏழுகறிக் கூட்டு. அதில் பரங்கிக்காயும் சர்க்கரைவள்ளியும் உண்டு. சேந்தனார் வீட்டில் இல்லாதவை எவையோ அவை எல்லாம் இதில் இருக்கின்றன. இல்லாமையைக் கொண்டாட எல்லாவற்றையும் சேர்த்திருக்கிறோம். இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. பிரதி மேலே ஏறும்போது இதுதான் நடக்கும். எளிய பாட்டுக்கு உரைகாரர் அலங்காரம் தேடுவதைப்போல, ஏழையின் பண்டத்துக்குப் பின்வந்தவர்கள் நெய் ஊற்றுகிறார்கள். நெய் ஊற்ற ஊற்ற அது எதற்காகப் பிறந்தது என்பது தெரியாமல் போகிறது.

இதே தில்லையோடு சேர்த்துச் சொல்லப்படும் இன்னொருவர் நந்தன். கொள்ளிடக்கரை ஆதனூரின் புலைப்பாடியைச் சேக்கிழார் வர்ணிக்கிறார். பழங்கூரைகளின் மேல் சுரைக்கொடி படர்ந்திருந்ததுவரை அவர் கண்ணில் படுகிறது. பெரிய கவிஞர் என்பதற்கு அந்தச் சுரைக்கொடி ஒன்றே போதும். ஆனால் அந்தச் சுரைக்காயைக் கூரையிலிருந்து பறித்துப் பானையில் போட்டு என்ன செய்தார்கள் என்று அவர் சொல்லவில்லை; அது அவர் காவியத்தின் வேலையும் அல்ல. சேந்தனாரின் களியைச் சாப்பிட இறைவன் வீடு தேடி வந்தான். நந்தன் தீயில் இறங்கித்தான் கோயிலுக்குள் போக முடிந்தது. சேந்தனார் களி பிரசாதமாகி வருஷா வருஷம் கிளறப்படுகிறது. நந்தன் என்ன சாப்பிட்டான் என்று யாரும் கேட்டதில்லை. அவன் பெயரில் எந்தப் பண்டமும் இல்லை. சமையல் வரலாற்றில் எது பதிவாகிறது, எது ஆகவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

4

பதிவு என்று வந்துவிட்டதால் எழுத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். தமிழ்நாட்டில் சமையல் ஏட்டில் ஏறியது அரண்மனை வழியாக. தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜியின் பெயரால் சரபேந்திர பாகசாஸ்திரம் என்ற நூல் இருக்கிறது. சரஸ்வதி மகால் நூலகம் வெளியிட்டிருக்கிறது. ராஜாவின் வாய் என்ன சாப்பிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். வீட்டுச் சமையல் அச்சில் வந்து நிலைபெற்றது என்று பார்த்தால், எஸ். மீனாட்சி அம்மாள் 1951இல் வெளியிட்ட 'சமைத்துப் பார்' ஒரு திருப்பம். கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போன பெண்கள், வெளிநாடு போனவர்கள், பக்கத்தில் மாமியாரோ பாட்டியோ இல்லாதவர்கள் கையில் அந்தப் புத்தகம் இருந்தது, இன்னும் இருக்கிறது.

அந்தப் புத்தகத்தின் முக்கியத்துவம் அதன் அளவுகளில் இருக்கிறது. அதுவரை சமையலின் இலக்கணம் 'கொஞ்சம்', 'கையளவு', 'கண் பார்த்து', 'வாசனை வந்ததும்'. மீனாட்சி அம்மாள் அதை அளந்து காகிதத்தில் வைத்தார். அவர் அளந்ததோ ஆழாக்கிலும் படியிலும். பட்டணம் படி வேறு, சின்னப் படி வேறு என்று ஊருக்கொரு படி இருந்த தேசம் இது. 1956இல் மெட்ரிக் அளவைச் சட்டம் வந்தபின் ஆழாக்கும் பலமும் மெல்ல மறைந்தன. புத்தகம் வந்து பத்து வருஷத்துக்குள் அதன் அளவுகளே பழைய பாஷையாகி, வாசகி தனக்குத் தானே மொழிபெயர்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. டம்ளர், ஸ்பூன், 'அந்தக் கரண்டியால் ரெண்டு' என்று ஓரத்தில் பென்சிலால் எழுதிய பிரதிகளைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பென்சில் குறிப்புகள்தான் உண்மையான உரை. அச்சுப் பிரதி எல்லா வீட்டிலும் ஒன்றுதான். ஓரக்குறிப்பு வீட்டுக்கு வீடு வேறு.

ஆனால் எந்த வீட்டின் சமையல் அச்சேறியது என்று கேட்க வேண்டும். மீனாட்சி அம்மாள் எழுதியது பிராமண வீட்டுச் சைவச் சமையல். அவர் தமக்குத் தெரிந்ததை எழுதினார். அதை அவர்மேல் குறையாகச் சொல்ல முடியாது. குறை எங்கே என்றால், அந்த ஒரு வீட்டை வெகுகாலம் 'தமிழ்ச் சமையல்' என்று மற்றவர்கள் வாசித்ததில் இருக்கிறது. இந்தியச் சமையல் புத்தகங்களைப் பற்றி அர்ஜுன் அப்பாதுரை 1988இல் எழுதிய கட்டுரை பிரசித்தம். நகரத்து மத்தியதர வர்க்கம் தன் புத்தகங்களின் வழியாக 'தேசியச் சமையல்' என்ற ஒன்றை எப்படி உருவாக்கிக்கொண்டது என்று அதில் காட்டுகிறார். எழுதத் தெரிந்த வீட்டின் வழக்கம் பிராந்தியத்தின் வழக்கமாகிவிடுகிறது. ஏட்டுச்சுவடி பரம்பரையிலும் இதுதான் நடந்தது. ஏடு வைத்திருந்த வீட்டுப் பாடம் நிலைத்தது. ஏடு இல்லாத வீட்டில் இருந்தது பாடம் என்றே கருதப்படவில்லை.

லெவி-ஸ்ட்ராஸ் 1964இல் 'பச்சையும் வெந்ததும்' என்று பெயர் வைத்துப் பெரிய புத்தகம் எழுதினார். பச்சையாக இருப்பது இயற்கை, வெந்தது கலாசாரம் என்பது அவருடைய சட்டகம். நல்ல சட்டகம்தான். ஆனால் வீராணத்தங்கரையில் இருந்து பார்க்கிறவனுக்கு அந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்று தெரிகிறது: கிடைக்காதது. நம் சமையலைச் செய்ததில் பெரும்பங்கு அதற்கு.

5

கிடைக்காததன் சரித்திரத்துக்கு வருஷங்கள் உண்டு. 1942இல் பர்மா ஜப்பான் கைக்குப் போனது. பர்மா அரிசி நின்றது. ரேஷன் வந்தது. 1952இல் ராஜாஜி கட்டுப்பாட்டை எடுத்தார். 1960களின் நடுவில் மறுபடி பஞ்சம் போன்ற நிலை. பி.எல். 480 சட்டத்தின்படி வந்த அமெரிக்கக் கோதுமை ரேஷன் கடைகளில் கிடைத்தது. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதி எவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது என்பது தெரிந்ததே.

என் ஆயாவுக்கு இந்தக் காலம் கோதுமைக் காலம். நெல் விளைகிற பூமியில் கோதுமையைக் கையில் கொடுத்தால் என்ன செய்வது? சப்பாத்தி என்ற சொல் அவர்களுக்குத் தெரியாது; தட்டத் தோசைக்கல் இருந்தது, திரட்டத் தெரியாது. முதலில் சோறுபோல வேகவைத்துப் பார்த்திருக்கிறார்கள், வேகவே இல்லை. எந்திரக்கல்லில் இட்டு உடைத்து ரவையாக்கிக் கஞ்சி வைத்திருக்கிறார்கள். மாவாக்கிக் கேழ்வரகுக்குப் பதிலாகக் களி கிளறியிருக்கிறார்கள்; கரண்டியை விட்டு வராமல் பசையாக ஒட்டிக்கொண்டதாம். கொஞ்சம் அரிசிமாவைக் கலந்து கரைத்து, வெங்காயமும் பச்சைமிளகாயும் அரிந்து போட்டு ஊற்றியபோதுதான் ஒரு வழி பிறந்தது. அதுதான் எங்கள் வீட்டில் இன்றைக்கும் ஊற்றும் கோதுமை தோசை. ஆயா இதைக் கண்டுபிடிப்பு என்று சொல்லிக்கொண்டதே இல்லை. 'வேற என்னா பண்றது' என்பதுதான் அவர் சொல்வது. அந்த வாக்கியத்தை நான் ஓர் அழகியல் கொள்கையாகவே எடுத்துக்கொள்கிறேன். இதே காலத்தில் பள்ளிக்கூட மதிய உணவில் அமெரிக்காவிலிருந்து கேர் நிறுவனம் மூலம் வந்த கோதுமையும் மக்காச்சோள மாவும் உப்புமாவாகின. எங்கிருந்து வந்தாலும் கடுகு தாளித்தால் உள்ளூராகிவிடும் என்ற நம்பிக்கை நமக்கு உண்டு.

இப்போது அதே கோதுமை ரவை டாக்டர் எழுதிக் கொடுக்கும் பத்தியம். சர்க்கரைக்காரர்கள் ராத்திரி அதைத்தான் சாப்பிடுகிறார்கள். வறுமையின் மாற்று அறுபது வருஷத்தில் ஆரோக்கியத்தின் மாற்றாக உயர்ந்துவிட்டது. சேந்தனார் களிக்கு நேர்ந்ததுதான் இது. கோயிலின் இடத்தில் ஆஸ்பத்திரி, அவ்வளவே.

அரிசிக்கே வருவோம். பயிர்க்கடன் விண்ணப்பங்களில் நெல் ரகம் எழுதப்பட்டிருக்கும்: சி.ஆர். 1009, பி.பி.டி. 5204. எண்களைப் பார்த்தால் கணக்கு எண்ணா நெல்லா என்று சந்தேகம் வரும். கிச்சிலிச் சம்பா, சீரகச் சம்பா என்று பெயர்கள் இருந்த இடம் அது. கோயம்புத்தூரில் 1921இல் பிரித்தெடுத்த ஜி.இ.பி. 24 என்ற ரகத்தின் எழுத்துக்கள், 'அரசாங்கப் பொருளாதாரத் தாவரவியலாளர்' என்ற உத்தியோகப் பெயரின் சுருக்கம். அதையும் ஜப்பானிய ரகம் ஒன்றையும் சேர்த்து ஆடுதுறையில் 1960களில் ஏ.டி.டி. 27 வந்தது. 1966இல் மணிலாவுக்குப் பக்கத்திலிருந்து ஐ.ஆர். 8. மல்லாட்டைக்குப் பெயர் கொடுத்த மணிலா இப்போது சோற்றையும் கொடுத்தது.

ஐ.ஆர். 8 வயிற்றை நிரப்பியது என்பதை மறக்கக்கூடாது. பழைய நெல்லைப் பற்றி உருகுகிறவர்கள் பலர் அந்த வருஷங்களில் கூப்பனோடு வரிசையில் நின்றவர்கள் அல்ல. ஆனால் அந்த அரிசி சூடாக இருக்கும்வரை சோறு, ஆறினால் விறைத்துக்கொள்ளும். இந்தப் பக்கத்து வயல் வேலைக்காரர்களின் காலைச் சாப்பாடு ராத்திரித் தண்ணீர் ஊற்றிய பழையது. விறைத்த சோறு நல்ல பழையதாகாது. என்ன செய்தார்கள்? குழைய வடித்தார்கள், நொய்யைச் சேர்த்தார்கள், தண்ணீர் ஊற்றும் நேரத்தை மாற்றினார்கள். விவசாய விஞ்ஞானிகளின் அறிக்கைகள் ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்று சொல்லும். அந்த மூட்டையைத் தின்னத்தக்கதாக ஆக்கிய இரண்டாவது ஆராய்ச்சிக்கு அறிக்கை இல்லை.

சம்பா சாதத்தின் கதி என்ன? சம்பா என்பது நெல்லின் பெயராகவும் பருவத்தின் பெயராகவும் இருந்தது. இன்று இங்கே 'சம்பா' என்றால் ஆடி ஆவணியில் விதைத்துத் தையில் அறுக்கும் சாகுபடி. வயலில் நிற்பது எண் போட்ட ஏதோ ஒரு ரகம். வீட்டில் சம்பா சாதம் செய்கிறவர்கள் பெரும்பாலும் கடையில் வாங்கும் பொன்னியில் செய்கிறார்கள். பண்டத்தின் பெயரில் இருக்கும் அரிசி பண்டத்தில் இல்லை. சொல் நிற்கிறது, பொருள் போய்விட்டது. போன இடத்தில் வேறொன்று உட்கார்ந்திருக்கிறது. இது கவிதையில் நடந்தால் பக்கம் பக்கமாக எழுதுவோம்.

6

ஏரிக்கரைக்குப் போனால் இன்னும் தெளிவாகும். கீழணையிலிருந்து வடவாறு வழியாகக் கொள்ளிடத்துத் தண்ணீர் ஏரிக்கு வருகிறது. 2004 முதல் அது குழாய் வழியாக 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடிச் சென்னைக்கும் போகிறது. சென்னையின் எத்தனையோ வீட்டுக் குக்கர்களில் வீராணம் கொதிக்கிறது. ஏரி மீன் என்று இங்கே விற்பதில் விரால், கெளுத்தி, கெண்டை பழையவை. ரோகுவும் கட்லாவும் கங்கை மீன்கள். ஜிலேபி என்று ஒரு மீன். திலேப்பியா என்ற பெயரைத் தின்பண்டத்தின் பெயராக்கிவிட்டார்கள். ஆப்பிரிக்க மீன் அது. இந்தியாவுக்கு வந்தது 1952இல். மலிவு என்பதால் யார் வீட்டுக் குழம்பில் அதிகம் இருந்தது என்று சொல்லத் தேவையில்லை. முள் அதிகம், சேற்று வாடை உண்டு. அதற்காகப் புளியைக் கூட்டி, வெந்தயம் சற்று முன்னால் போட்டு, உப்பும் மஞ்சளும் போட்டு நாலு தண்ணீரில் அலசி என்று ஒரு முறை இங்கே உண்டாயிருக்கிறது. எழுபது வருஷப் பழக்கத்தில் செம்மைப்பட்ட முறை. எந்தப் புத்தகத்திலும் இல்லை.

வயல் நண்டும் நத்தையும் இன்னும் ஆழமான மௌனத்தில் இருக்கின்றன. நண்டை இடித்து வடிகட்டி ரசம் வைப்பது சளிக்கு என்று சொல்லிக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் நத்தை சமைத்த நாளில் கதவைச் சாத்துவார்கள். பள்ளிக்கூடத்தில் சொல்லக்கூடாது என்று எனக்கு உத்தரவு. யாராவது கண்டுவிட்டால் மூலத்துக்கு மருந்து என்று சொல்ல வேண்டும். பாடபேத ஆராய்ச்சியில் 'மூலம்' என்ற சொல்லுக்கு இப்படியும் ஓர் உபயோகம் உண்டு என்று பின்னால் நினைத்துச் சிரித்திருக்கிறேன். ஆனால் அது சிரிப்பதற்கான விஷயமல்ல. மருந்து என்ற பெயர் இல்லாமல் ஒரு குடும்பம் தன் ருசியைச் சொல்ல முடியவில்லை என்பது அதன் பொருள். சாதி சமூகத்தில் சமையல் குறிப்பு என்பது வாக்குமூலமும்கூட. எழுதினால் யார் என்று தெரிந்துவிடும். ஆகவே எழுதப்படாமல் இருப்பதற்கு எழுத்தறிவின்மை மட்டும் காரணமல்ல.

இப்போது நிலைமை மாறிவிட்டது என்பார்கள். 2023ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. வரகும் சாமையும் கேழ்வரகும் கண்ணாடித் தாளில் கட்டி நல்ல விலைக்கு விற்கின்றன. கூழ், மண்சட்டியில் வைத்து 'பாரம்பரிய உணவு' என்ற பலகையின் கீழே கிடைக்கிறது. நல்லதுதான். ஆனால் நேற்றுவரை கூழ் குடித்தவர்கள் இன்று ரேஷன் அரிசிச் சோறு சாப்பிடுகிறார்கள். அரிசிச் சோறு சாப்பிட்டவர்கள் கூழ் குடிக்கிறார்கள். பண்டம் படியேறிவிட்டது, அதைக் கிளறிய கை கீழேயே நிற்கிறது. களியை உள்ளே விட்டு நந்தனை வெளியே நிறுத்திய அதே வாசல்தான் இது.

எலியட் 1919இல் எழுதிய கட்டுரை நம் வட்டாரத்தில் அலுக்கும்வரை பேசப்பட்டது. புதிதாக ஒரு படைப்பு வரும்போது ஏற்கெனவே இருக்கும் படைப்புகளின் வரிசை முழுவதும் சற்று மாறுகிறது என்பது அதன் சாரம். மிளகாய் வந்ததும் மிளகின் இடம் மாறியது. அதுவரை அன்றாடக் காரமாக இருந்தது திவசத்துக்கும் பிரசாதத்துக்கும் பத்தியத்துக்கும் உரிய புனிதக் காரமாயிற்று. மிளகு மாறவில்லை, அதன் பொருள் மாறிவிட்டது. எலியட்டை ஒரு பெண் அம்மியில் நிரூபித்திருக்கிறாள். ஆனால் எலியட்டின் வரிசையில் நிற்பவை நினைவுச் சின்னங்கள். எல்லாம் உள்ளே அனுமதிக்கப்பட்டவை. அனுமதிக்கப்படாதவை அந்த வரிசையை எப்படி மாற்றுகின்றன என்ற கேள்வி அவருக்கு எழவில்லை. நமக்கு எழ வேண்டும்.

இதற்குப் பெரிய ஸ்தாபனம் எதுவும் தேவையில்லை. அசல் எது என்று தேடுவதை முதலில் விட வேண்டும். அசல் கொத்சு என்று ஒன்று கிடையாது, இருந்ததும் இல்லை. உ.வே.சா. சுவடி தேடிப் போனபோது வேறுபாடுகளைக் குப்பை என்று தள்ளாமல் குறித்துக்கொண்டார்; அதனால்தான் நமக்குப் பிரதிகள் கிடைத்தன. அதைச் சமையலுக்குச் செய்யலாம். ஒரு பண்டத்தைக் கேட்டு எழுதும்போது பொருள், அளவு, செய்முறை என்று மட்டும் நிறுத்தாமல் நாலு கேள்விகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். யார் வீடு? எந்த வருஷம்? அன்று எது கிடைக்கவில்லை? அதற்குப் பதில் எதைப் போட்டீர்கள்? இந்த நாலுக்கும் பதில் சொல்லக்கூடியவர்கள், பர்மா அரிசி நின்றதையும் கோதுமை வந்ததையும் ஐ.ஆர். 8 விறைத்ததையும் கையால் அறிந்தவர்கள், வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டு வருகிறார்கள். பழைய ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்டவர்களைப் பற்றி நாம் நிறைய வருத்தப்பட்டுவிட்டோம். இந்த ஏடுகள் பேசக்கூடியவை, கேட்டால் சொல்வார்கள். கதவைச் சாத்திக்கொண்டு சமைத்த வீடுகளிலிருந்து கேட்கத் தொடங்குவது நல்லது.